பஸ் நிலையத்துக்கு மேலே ஓர் அறை

மனைவி இறந்த பிறகு தனியாக வந்த முதல் பயணம். கொல்லிமலை செம்மேட்டில் பஸ்ஸை விட்டிறங்கி, டீக்கடை அக்காவிடம் தங்க இடம் கேட்கிறேன்.

"எடப்புளி நாட்டுப் பக்கம் மிளகுத் தோட்டத்துக்குள்ள ஒரு ஊடு இருக்குதுங்க. சுத்திலும் ஆளே இருக்காது, அமைதியா இருக்கும். இந்தக் கடைக்கு மேலயும் ஒரு ரூம் இருக்குது. ஆனா விடியறதுக்குள்ள பஸ் சத்தம் ஆரம்பிச்சிருமுங்க. எத்தனை பேருங்க?"

"நான் மட்டும்தாங்க."

"அப்ப தோட்டத்து ஊடே நல்லா இருக்குமுங்க. அமைதிக்குத்தானே எல்லாரும் மலையேறி வாராங்க."

"அது எங்க வீட்லயே நிறைய இருக்குங்க. மேல் ரூமையே குடுங்க."

அவர் சாவியை எடுத்து நீட்டுகிறார். அறைக்குப் போய் ஜன்னலைத் திறக்கிறேன். கீழே சேந்தமங்கலம் பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. கண்டக்டர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். சற்று நேரத்தில் அக்காவின் குரல் வருகிறது.

"ஏனுங்க, சாப்பாடு மேல கொண்டாரட்டுங்களா?"

"வேண்டாங்க. நானே கீழ வர்றேன்."