எலியம்மாவின் கை

உயிரியல் பேராசிரியரான எங்கள் மேடத்தை மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் 'எலியம்மா' என்பார்கள். அது அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். அவருடைய ஆய்வகத்தில் உதவியாளனாகப் பதினோரு வருடம் குப்பை கொட்டியவன் நான். கிண்டலடிக்க எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

நெடுஞ்சாலை ஓரத்துச் சுண்டெலிகளுக்குக் காட்டு எலிகளைவிடப் பதற்றம் அதிகமா, அது மரபணு வழியாகக் குட்டிகளுக்கும் போகிறதா என்பது மூன்று வருட ஆராய்ச்சி. எலியைப் பிடித்து, எடை போட்டு, மரபணுவுக்கு இரண்டு முடி பிடுங்கி, மறுநாள் அதன் புழுக்கையில், பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோனை அளப்போம். மேடத்துக்கு முழங்கால் வலி. அதனால் சாலை எலிகள் அவருக்கு, மேட்டுக்காட்டு எலிகள் எனக்கு.

அவர் ஒவ்வொரு எலியையும் உள்ளங்கையில் வைத்துத் தடவிக்கொடுப்பார். "பயப்படாதடா கண்ணு, அம்மா ஒண்ணும் பண்ண மாட்டேன்." நான் எடை பார்த்ததும் கூண்டுக்குள் தள்ளிவிடுவேன். "உனக்கு ஈவு இரக்கமே இல்லப்பா" என்று திட்டு விழும்.

மகளின் பிரசவத்துக்காக அவர் பத்து நாள் போனபோது இரண்டு பக்கமும் நானே பார்த்தேன். சாலை எலிகளின் பதற்றம் பாதியாகிவிட்டது. கருவியைத் திட்டிவிட்டு மறுபடி அளந்தேன். அதே எண். வெள்ளிக்கிழமை கட்டுரை அனுப்ப வேண்டும். வாய் திறந்தால் மூன்று வருடமும் பாழ்.

திரும்பி வந்தவரிடம் அந்த எண்கள் இருந்த தாளை நீட்டினேன். படித்து முடித்துத் தாளை மடித்தார்.

"நாளைலேருந்து காட்டு எலிங்கள நான் தூக்கறேன்."

"மேடம், கட்டுரை?"

"அது கெடக்கட்டும்."

ஒரு வாரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு மேடேறினார். வழக்கம்போலவே கொஞ்சினார். என்னிடம் சாதுவாக இருந்த எலிகளின் எண்கள் எகிறின.

"நான் கொஞ்சறேன்னு நெனச்சேன்," என்றார். "அதுங்களுக்குக் குலை நடுங்கியிருக்கு." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

அந்தக் கட்டுரை போகவில்லை. வேறொன்று எழுதினார். அதன் அட்டவணையில், பதற்றத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் தன் பெயரையே போட்டார்.

"பேரு எதுக்கு மேடம்?"

"எலிகிட்ட கேளு, அதுவே சொல்லும்."

இப்போது நான் எடை போட, அவர் பத்தடி தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து எண்களைக் குறிக்கிறார். நேற்று என் கையில் சினை எலி ஒன்று.

"வயித்துல குட்டி இருக்கு மேடம், பாக்கறீங்களா?"

பாதி எழுந்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"வேணாம்ப்பா. சீக்கிரம் விட்டுடு."