ஆறு குடம் தண்ணீர்

சித்தூரில் என் மாமா வீட்டு மாடியில் குளியலறை கட்டிய மேஸ்திரியின் பிழைப்பைக் கெடுத்தவன் நான். அவரிடம் இதைச் சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை.

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லை ஊர்கள் எந்தப் பக்கம் என்று தீராமல் இருந்த காலம் அது. மாமா வக்கீல். மெட்ராஸோடு சேர வேண்டும் என்று புத்தூர், நகரிப் பக்கத்து ஜனங்கள் கைநாட்டு வைத்துக் கொடுத்த மனுக்கள் அவருடைய கீழறையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அது விஷயமாக மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய வக்கீல் வந்து எங்கள் வீட்டில் தங்குவதாக இருந்தது. ஐப்பசி மழையில் அவர் கொல்லைப்புறம் போய்க் குளிப்பதா? கீழறைக்கு நேர் மேலே இருந்த சாமான் அறையைக் குளியலறையாக மாற்றச் சொன்னார் மாமா. ஓவர்சீயர் படிப்பு முடித்து வந்திருந்த என்னிடம் பொறுப்பைக் கொடுத்தார்.

மேஸ்திரி வடமாலபேட்டைக்காரர். அவர் மனைவியே சித்தாள். திருப்பதியில் அப்போது ஒரு சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள், நாற்பது குளியலறை. இந்த வேலை நன்றாக வந்தால் அதை இவருக்கே தருவதாக, மாமாவுக்குத் தெரிந்த கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார். அந்த நாற்பதைத்தான் புருஷனும் பெண்டாட்டியும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மேஸ்திரிக்கு ஒரு பழக்கம். சுண்ணாம்புத் தளம் போட்டதும் டைல் பதிக்கமாட்டார். தண்ணீர் போகும் துவாரத்தைத் துணியால் அடைத்து, அறையில் கணுக்கால் அளவு தண்ணீர் கட்டுவார். மறுநாள், தளம் குடித்தது போக நிற்கும் மட்டத்தில் சுவரில் கரியால் கோடு கிழிப்பார். அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கோட்டைவிட்டு இறங்கக் கூடாது. இறங்கினால் தளத்தைக் கொத்திவிட்டு மறுபடி போட வேண்டும்.

"மழைக்காலத்துச் சுண்ணாம்பு சோம்பேறி சார். மெதுவாத்தான் எழுந்துக்கும்" என்றார்.

"நல்ல வேலைக்காரரு! ரெண்டு நாளா தண்ணிய காவல் காத்துக்கினு கீறாரு" என்றாள் அவர் மனைவி.

"நீ சும்மா இரு. நாப்பது ரூமுக்கும் இப்டித்தான் காப்பேன்."

கோடு கிழித்த அன்று ஊரில் ஒரு சாவு என்று ஆள் வந்தது. இருவரும் புறப்பட்டார்கள். "நாளைக்கி காலைல வந்துடறேன். கோடு எறங்கிச்சின்னா மறைக்காம சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. கொத்திப் போட்டால் இன்னும் பத்து நாள். வக்கீல் வர ஆறு நாள்தான் இருந்தது. "படிச்சவன்னு உன்னை நம்பிக் குடுத்தேன்" என்று மாமா முந்தின நாளே சொல்லியிருந்தார். கொல்லையில் மழைத் தண்ணீர் நிரம்பிய அண்டா இருந்தது. குடத்தை எடுத்தேன்.

ஒரு குடத்தோடு முடிந்திருந்தால் புத்தி தடுமாறியது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆறு குடம் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் பதினெட்டுப் படி ஏறினேன், இறங்கினேன். நிறுத்திவிட ஆறு முறை நேரம் இருந்தது. கரிக்கோட்டைத் தண்ணீர் தொட்ட பிறகுதான் நின்றேன்.

"படியெல்லாம் ஈரமா கீதே" என்றாள் மேஸ்திரியின் மனைவி, வந்ததும்.

"மழை பேஞ்சா ஈரமா இல்லாம?" என்றார் அவர். குனிந்து கோட்டில் விரல் வைத்துப் பார்த்தார். சிரித்துக்கொண்டே துணியைப் பிடுங்கினார். பூப்போட்ட சிமெண்ட் டைல்களை நான்கு நாளில் பதித்து முடித்தார். அவ்வளவு அழகான தரையை நான் பிறகு பார்க்கவில்லை.

பெரிய வக்கீல் வந்தார், குளித்தார். மூன்றாம் நாள் கீழறை உத்தரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. மனுக்கட்டுகள் நனைந்து, கைநாட்டுகள் நீலமாகக் கரைந்திருந்தன. அந்தக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டே மாமா மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"கோடு எறங்கலீங்க சாமி. ஓவர்சீயர் சாரே பாத்துக்கினாரு" என்றார் மேஸ்திரி.

மாமா என்னைப் பார்த்தார். "கோட்டில்தான் இருந்தது" என்றேன்.

மேஸ்திரி என்னைச் சந்தேகப்படவே இல்லை. சற்று நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "அப்ப என் கைதான் தப்பு சாமி" என்றார். அன்றே மாமா திருப்பதிக்கு எழுதினார். நாற்பது அறையும் வேறு ஒருவருக்குப் போயிற்று.

எல்லை முடிவான பிறகு ஒருநாள், திருப்பதி பஸ் நிலையத்தில் மேஸ்திரியையும் அவர் மனைவியையும் பார்த்தேன். மாட்டுக் கொட்டகைகளுக்குக் கல் பாவுவதாகச் சொன்னார்.

"குளியலறை வேலை எடுப்பதில்லையா?"

"இல்ல சார். தண்ணி கட்டிப் பாக்கறதயும் உட்டுட்டேன். அது என்கிட்ட பொய் சொல்லிட்சி."

"தண்ணீர் பொய் சொல்லாது மேஸ்திரி" என்று வாயில் வந்துவிட்டது.

அவர் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பறம் யாரு சார் சொன்னது?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி ஏறிக்கொண்டேன். டிரைவர்கூட இன்னும் வந்திருக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே அவள் நின்றுகொண்டே இருந்தாள். நான் கையிலிருந்த பேப்பரை விரித்துப் படிக்க ஆரம்பித்தேன்.