அலுவலகம் தந்த காது

வக்கீல் படிப்பை முடித்ததும் டெல்லி மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் தனியாகத் தொழில் நடத்திய ஒருவரிடம்தான் முதலில் ஜூனியராகச் சேர்ந்தேன். தகரக் கூரை போட்ட அவருடைய அறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஜூனியர்கள் மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு நாற்காலிகள். முந்தி வந்தவர் உட்காரலாம். டீ அவரவர் செலவு. கழிப்பறைக்கு எதிர்க் கட்டடத்துக்குப் போக வேண்டும். பெண்கள் என்றால் அதன் சாவி அன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரிக்க வேண்டும். லீவு என்ற சொல்லே அங்கே புழக்கத்தில் இல்லை. யாராவது ஒருநாள் வரவில்லை என்றால், "நேத்து எங்க ஓடிப்போனே?" என்றுதான் சீனியர் கேட்பார்.

அங்கிருந்து ஒரு பெரிய சட்ட நிறுவனத்துக்கு வேலை மாறிப் போன முதல் வாரம் முழுக்க வாயைப் பிளந்துகொண்டுதான் திரிந்தேன். தரை முழுக்கக் கம்பளம். காபி மெஷினுக்குப் பக்கத்தில் நாலு வகைப் பால். காலையில் வெட்டி வைத்த பழம், மதியம் சுடச்சுடச் சாப்பாடு, மாலையில் பேல்பூரி. கழுத்துவலிக்குப் பிசியோதெரபிஸ்ட் வாரம் இருமுறை வருவார். பல் டாக்டர் எப்போதாவது ஒருநாள் வருவார். கண்ணயர ஓர் இருட்டறை. குளிர்காலத்தில் ஊரெல்லாம் புகை மூடியதும், வீட்டுக்கு எடுத்துப்போக ஆளுக்கொரு காற்றுச் சுத்திகரிப்பான்.

இதெல்லாம் சும்மா தருவதில்லை என்று எனக்கும் தெரியும். பிசியோதெரபிஸ்ட் தேவைப்படுகிற அளவுக்குக் கழுத்து ஏன் வலிக்கிறது என்று கேட்டால் விஷயம் விளங்கிவிடும். ஆனாலும் நாற்காலிக்கு முந்திக்கொண்டு ஓடியவளுக்கு, தனக்கென்று ஒரு நாற்காலி, அதுவும் முதுகுக்கு ஏற்றபடி வளைந்துகொடுக்கிற நாற்காலி கிடைத்தால் ஆச்சரியப்படாமல் இருக்க முடியுமா?

டெல்லியின் துவாரகா பகுதியில் இருந்த எங்கள் ஃபிளாட்டுக்குத் திரும்பி ஒவ்வொன்றாக அம்மாவிடம் சொல்வேன். சொல்வது என்றால், அம்மாவின் எதிரே வெளிச்சத்தில் நின்று, உதடுகளை நன்றாக அசைத்து நிதானமாகப் பேசுவது. அம்மாவுக்குக் காது கேட்காது.

"ஏட்டி, பல்லு பாக்குத டாக்டரு ஆபீசுக்கே வாராரா?"

"ஆமாம்மா."

"பழமும் வெட்டி வச்சிருக்காங்களா?"

"ஆமா."

"அவங்க ஆபீஸ் நடத்துதாங்களா, கல்யாணம் நடத்துதாங்களா?"

அம்மா திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி டெல்லிக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் பேச்சு மட்டும் மாறவில்லை. நான் பிறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குக் காது மங்கத் தொடங்கியதாம். நான் கல்லூரிக்குப் போவதற்குள் இரண்டு காதிலும் கருவி மாட்டியாயிற்று. பிறகு அந்தக் கருவியும் இரைச்சலைத்தான் கூட்டியதே தவிர பேச்சைத் தெளிவாக்கவில்லை. அம்மா உதட்டைப் படிக்கப் பழகினாள். அதுவும் தமிழ் உதட்டைத்தான் படிப்பாள். இந்தி பேசுகிறவர்களிடம் "அச்சா, அச்சா" என்று தலையாட்டிச் சமாளித்துவிடுவாள். கொரோனா வந்து எல்லோரும் முகக்கவசம் போட்டதும் அந்த வழியும் அடைபட்டது. கடைக்குப் போவதை நிறுத்தினாள். எதிர்வீட்டு மாமியுடன் பேசுவதை நிறுத்தினாள். கவசமெல்லாம் போன பிறகும் அம்மா வெளியே போகவில்லை.

காதுக்குள் அறுவை செய்து பொருத்துகிற ஒரு கருவி இருக்கிறது, அதை வைத்தால் இவருக்குப் பேச்சு புரிய வாய்ப்புண்டு என்று ஒரு டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். என் அப்பா விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையோடு அவருடைய மருத்துவக் காப்பீடும் முடிந்துபோயிருந்தது. டாக்டர் சொன்ன விலையைக் கேட்டதும் எழுந்து கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். அதற்கப்புறம் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களை உட்கார வைத்து நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுப் பெண் எல்லாச் சலுகைகளையும் விளக்கினார். பஞ்சாபிக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பேசிக்கொண்டே போனவர், அம்மா அப்பாவுக்கும் காப்பீடு உண்டு என்று போகிற போக்கில் சொன்னார். நான் கையைத் தூக்கினேன்.

"ஏற்கனவே இருக்கிற நோய்க்கு?"

"உண்டு. முதல் நாளிலிருந்தே."

அன்று மாலை அவருடைய மேசைக்குப் போய் அம்மாவின் காதைப் பற்றிச் சொன்னேன். அவர் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. "டாக்டரிடம் மறுபடி ஒருமுறை காட்டுங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

காட்டினோம். டாக்டர் இப்போதும் வாய்ப்பிருக்கிறது என்றார். ஆனால் வயதாவதால் வருகிற காது கேளாமைக்குப் பணம் தர முடியாது என்று காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்குக் கிடைக்கிற பதில் வழக்கமாக அதுதான். இருந்தாலும் வக்கீல் புத்தி விடுமா? இது முதுமையால் வந்ததல்ல, இளவயதிலேயே தொடங்கியது என்பதற்கு என்னென்ன வாதம் உண்டோ அத்தனையையும் மெட்ரோவில் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு மறுநாள் அந்தப் பெண்ணிடம் போய் நின்றேன். முதல் வாதத்தை முடிக்கக்கூட அவர் விடவில்லை.

"அரே, உட்காருங்க. அவங்க தரலைன்னா என்ன? இந்த மாதிரி நேரத்துக்குன்னே நம்ம நிறுவனம் தனியா ஒரு நிதி வெச்சிருக்கு. அதிலேருந்து தரச் சொல்லிட்டேன். நேத்தே ஒப்புதல் ஆயிடுச்சு."

எதிர்த்தரப்பே வராத வழக்கில் ஜெயித்தவள் மாதிரி விழித்தேன். நன்றி சொல்லத் தோன்றவில்லை. "ஏன்?" என்றுதான் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன்னு கேக்கறீங்களா? உங்க அம்மாங்க அவங்க!"

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தையல் ஆறிய பிறகு வெளிக்கருவியை மாட்டி இயக்கத் தேதி கொடுத்தார்கள். உள்ளே வைத்தது பாதிதான், காதுக்குப் பின்னால் வெளியே மாட்டுகிற கருவிதான் ஒலியை உள்ளே அனுப்பும். அந்த நாள் வரைக்கும் எங்கள் மூவருக்கும் ஒரே கற்பனைதான். கருவியை மாட்டுவார்கள், அம்மா நிமிர்ந்து பார்ப்பாள், நான் "அம்மா" என்பேன், அவள் கண் கலங்குவாள்.

நடந்தது வேறு. கேட்பியல் நிபுணர் கணினியில் எதையோ தட்டினார். அம்மா திடுக்கிட்டுக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டாள்.

"ஆன்ட்டிஜி, கேக்குதா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "யாரோ தகரத்தைச் சுரண்டுத மாதிரி இருக்கு."

அப்பா முன்னால் குனிந்து, "நான் பேசுறது கேக்குதா?" என்றார்.

"தவளை கத்துத மாதிரி இருக்கு. நீங்கதான் பேசுனீங்களா?"

அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. மூளை இந்தப் புது ஒலிக்குப் பழக மாதங்கள் ஆகும், தினமும் பயிற்சி கொடுக்க வேண்டும், அதுவும் அவருடைய தாய்மொழியில் யாராவது பேசிப் பழக்க வேண்டும் என்றார் நிபுணர். வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அம்மா டாக்ஸி ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கருவியைக் கழற்றி அதன் பெட்டிக்குள் வைத்தாள். "அடைச்ச காதே தேவலை" என்றாள்.

நான் பேசிப் பழக்க வேண்டுமானால் வீட்டில் இருக்க வேண்டும். நெருங்கியவர்களைப் பார்த்துக்கொள்ள எங்கள் நிறுவனத்தில் தனி விடுப்பு உண்டு என்று தெரியும். ஆனால் என் குழுவில் யாரும் அதை எடுத்து நான் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு அப்போது இரண்டு கம்பெனிகள் இணைகிற பெரிய வேலை ஒன்று நடந்துகொண்டிருந்தது. எங்கள் குழுவுக்குத் தலைவியான பார்ட்னர் அம்மையாரின் அறைக்குப் போகவே எல்லோரும் தயங்குவார்கள். ஒப்பந்தத்தில் ஓர் அரைப்புள்ளி இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார். உள்ளே போய் ஒரு வாரம் லீவு வேண்டும் என்று இழுத்தேன்.

விஷயத்தை முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஒரு வாரத்தில் காது பழகிவிடுமா?"

"தெரியாது மேடம். பல மாதம் ஆகும் என்கிறார்கள்."

"அப்புறம் எதற்கு ஒரு வாரம் கேட்கிறாய்? இருக்கிற விடுப்பு அத்தனையையும் எடுத்துக்கொள். லேப்டாப்பை இங்கேயே வைத்துவிட்டுப் போ. கையில் இருந்தால் திறப்பாய்."

வெளியே வந்து லேப்டாப்பை மூடி இழுப்பறையில் வைத்தபோது பக்கத்து இருக்கைக்காரன் எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்து முகம் வெளிறிவிட்டான்.

அந்த விடுப்பில் நானும் அம்மாவும் சண்டை போட்டது போல் வாழ்நாளில் போட்டதில்லை. உதட்டைப் பார்க்கக்கூடாது என்பதற்காக முகத்துக்கு முன்னால் முறத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்வேன். அவள் முறத்தைப் பிடுங்கப் பார்ப்பாள். "கதவு" என்றால் "கனவு" என்பாள். "உப்பு" என்றால் "துப்பு" என்பாள். சலித்துப்போய், "போ ஏட்டி, எனக்கு வராது" என்று அடுப்படிக்குப் போய்விடுவாள். அங்கேயும் பின்னாலேயே போய் முறத்துக்குப் பின்னாலிருந்து கத்துவேன். புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் படித்த புண்ணியத்தில் எனக்குத் தமிழ் சரளமாக வாசிக்க வரும். பழைய வாரப் பத்திரிகைகளை எடுத்து வைத்துக்கொண்டு சமையல் குறிப்பு, ராசிபலன், ஜோக்கு என்று கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். ஒருநாள் ஏதோ ஒரு துவையலுக்கான குறிப்பை வாசித்துக்கொண்டிருந்தபோது, முதுகைக் காட்டி நின்றிருந்த அம்மா, "புளி வைக்கச் சொல்லலியே, புளி இல்லாம என்ன தொவையலு?" என்றாள். நான் முறத்தை இறக்கவில்லை. இறக்கினால் அந்தக் கணம் கலைந்துவிடும் என்று பயமாக இருந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் போன் பயிற்சி. கருவி வைத்தவர்களுக்குப் போனில் கேட்பதுதான் ஆகக் கடினமாம். எங்கள் தளத்தில் தனியாகப் பேசுவதற்குக் கண்ணாடிக் கூண்டுகள் இருக்கும். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் ஒரு துளியும் உள்ளே வராது. அங்கே அமர்ந்து கோடிக்கணக்கில் பேரம் பேசுவார்கள். நான் தினமும் சாப்பாட்டு நேரத்தில் அதற்குள் போய் "அம்மா, உப்பு. அம்மா, கதவு" என்று கூவிக்கொண்டிருப்பேன். மறுமுனையில் பெரும்பாலும் அப்பாதான் பேசுவார்: "புரியலைங்கறா. திருப்பிச் சொல்லு."

ஜூலையில் ஒரு மதியம். கூண்டுக்கு எதிரே பெரிய ஜன்னல். வெளியே கட்டடங்களே மறைகிற அளவுக்கு மழை. அன்றைக்கு வைத்திருந்த சொற்களை மறந்து, "அம்மா, இங்க நல்ல மழை" என்று சொல்லிவிட்டேன்.

"இங்கயுந்தான். துணியெல்லாம் இப்பத்தான் எடுத்து உள்ள போட்டேன். நீ குடை கொண்டு போனியாட்டி?"

அப்பாவின் குரல் இல்லை. அம்மாவேதான். திருப்பிச் சொன்ன சொல் இல்லை, என் பேச்சுக்கு அவள் சொன்ன பதில். விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மாவோடு போனில் நான் பேசியதே கிடையாது. சட்டக் கல்லூரி ஹாஸ்டலில் தோழிகள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மாக்களோடு அரைமணி நேரம் வம்பளப்பதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கும் வாய்க்கக்கூடிய ஒன்று என்று நான் நினைத்ததே இல்லை. இத்தனை தூரத்திலிருந்து, முகம் பார்க்காமல், குடை கொண்டுபோனாயா என்று என் அம்மா என்னிடம் கேட்கிறாள்.

"ஏட்டி, லைன்ல இருக்கியா?"

"இருக்கேம்மா. குடை எடுத்துட்டு வரலை."

"கொண்டு போகமாட்டியே. நேத்தே சொன்னேன்லா."

கூண்டுக்கு வெளியே ஒரு சக ஊழியர் கைக்கடிகாரத்தைக் காட்டி, பேசி முடித்தாயிற்றா என்று கேட்கிற மாதிரி "ஹோ கயா?" என வாயசைத்தார். நான் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்ததும் கையைக் கீழே போட்டுவிட்டு, எதுவும் கேட்காமல் வேறு கூண்டைத் தேடிப் போனார்.

அதற்கப்புறம் அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. எதிர்வீட்டு மாமியோடு மறுபடி பேச்சு. மாடி வீட்டுக்காரர் நாற்காலியை இழுக்கிற சத்தத்தைப் பற்றிக் குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் அரைகுறை இந்தியில் புகார். தீபாவளி வெடிக்கு மட்டும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது உங்களுக்கெல்லாம் கிடையாதுலா" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

போன மாதம் ஒரு கட்சிக்காரரோடு கூட்டம் தொடங்க இருந்தது. அம்மாவின் அழைப்பு. அவசரம் என்று பயந்து மாடிப்படிப் பக்கம் ஓடி எடுத்தேன்.

"ஏட்டி, பேசாத. சும்மா கேளு."

கேட்டேன். தண்ணீர் விழுகிற சத்தம். அதற்கு மேலே, சுருதி சேராமல், அடித்தொண்டையில் ஒரு பாட்டு.

"உங்க அப்பா குளிச்சிட்டு இருக்காக. உள்ள பாடுதாக!" அம்மா கிசுகிசுத்தாள். குளியலறைக் கதவில் போனை ஒட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று புரிந்தது. "தெனமும் பாடுவாகளா?"

"எப்பவும் பாடுவாரும்மா. உனக்குத் தெரியாதா?"

"எனக்கு யாரு சொன்னா?" என்றாள். பிறகு, "சத்தம் போடாத, நிறுத்திருவாக" என்று போனை மறுபடி கதவோடு ஒட்டிவைத்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து, அப்பா குழாயை மூடுகிற வரைக்கும் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.