எடை பார்க்கும் காட்சியில் வந்த கிழவர்

டெனிஸ் ஹலுஸ்காவுக்கு நேரில் வாய் அவ்வளவு நீளமில்லை. பேனாவைப் பிடித்தால் மட்டும் ஊரையே வம்புக்கு இழுப்பார். ஒஹாயோவில், யங்ஸ்டவுன் பத்திரிகை ஒன்றில் முப்பது வருஷமாகச் சினிமா விமர்சனம் எழுதிப் பிழைத்த மனிதர். ஒரு படத்தைப் புகழ்ந்தால் அந்த விமர்சனத்தை நாய்கூடச் சீண்டாது. கிழித்துத் தொங்கவிட்டால் மதுக்கடை வரைக்கும் அதே பேச்சு. அந்த ருசிதான் அவரைக் கெடுத்தது.

பழைய பகை தீராத இரண்டு கிழட்டு பாக்ஸர்கள் மறுபடி மோதுகிற நகைச்சுவைப் படம் ஒன்று வந்தது. பாதியை இந்த ஊரில்தான் எடுத்தார்கள். நியூயார்க் விமர்சகர்கள்கூட ‘சிரிப்பு வருகிறது, போதும்’ என்று விட்டுவிட்டார்கள். டெனிஸ் விடுவாரா? நாயகர்களைத் துவைத்தது போதாதென்று, ஒரே நிமிடம் தலைகாட்டும் துணை நடிகரையும் பிடித்துக்கொண்டார். ‘மோதலுக்கு முன் பாக்ஸர்களின் எடை பார்க்கும் காட்சியில் ஒரு கிழவர் நாக்குக் குழற, கை நடுங்க வருகிறார். அடி வாங்கி மூளை கலங்கியவராம்! இவ்வளவு மட்டமான நடிப்பை நான் கண்டதில்லை’ என்று எழுதினார். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

இரண்டு நாள் கழித்து, விளையாட்டுப் பக்கம் பார்க்கும் சக ஊழியர் பாட், டெனிஸின் மேஜைக்கு வந்தார்.

“யோவ், அந்தாளு நடிக்கலய்யா. கார்மைன் டெலூக்கா. நம்மூரு பாக்ஸரு. மண்டையில வாங்கி வாங்கி நெசமாவே அப்படி ஆயிட்டாரு.”

டெனிஸ் மறுப்பு ஒரு வரிகூட எழுதவில்லை. மன்னிப்புக் கேட்டால் அந்த மனிதரை இரண்டாம் முறை சந்திக்கு இழுத்தமாதிரி ஆகுமே என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டார். கோழைத்தனத்துக்குத்தான் எத்தனை நல்ல பெயர்!

கறி தின்னாத தவக்கால வெள்ளிக்கிழமை. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வறுத்த மீன் விருந்து. தட்டோடு இடம் தேடிய டெனிஸை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட, அதைக் கேட்டுப் பக்கத்து மேஜையிலிருந்த கார்மைன் எட்டிக் கையைப் பிடித்துக்கொண்டார். பார்வை போன கண்கள். வார்த்தைகள் ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து வந்தன.

“தம்பி, நீங்கதானா! என்னப் பத்தி... என்னமா எழுதிட்டீங்க! லொரெய்ன்தான் படிச்சுக் காட்டுனா. ஒரு நிமிசம் வந்தாலும்... மனசுல நிக்கிறாருன்னு. உங்க வாயால ஒருக்காச் சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

எதிரே மீனைப் பிய்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கார்மைனின் மனைவி லொரெய்ன் மட்டும் டெனிஸை இமைக்காமல் பார்த்தாள்.

டெனிஸ் தட்டை மேஜையில் வைத்தார். “எடை பார்க்குற காட்சியில ஒருத்தர் வர்றாரு. அதுவரைக்கும் சினிமா பாத்துக்கிட்டிருந்தேன். அவரு தலையத் தூக்குனதும்தான் பாக்ஸரப் பாத்தேன். அவர் முன்னாடி அந்த ரெண்டு நாயகனும் வெறும் வேசக்காரங்க.”

கார்மைனின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. மனைவி பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார். “ஏண்டி, இந்த வரிய... படிக்காம விட்டுட்டியே!”

“கண்ணாடி போடலங்க. விட்டுப்போச்சு” என்றாள் லொரெய்ன்.

காபி எடுக்கும் இடத்துக்கு டெனிஸ் அவள் பின்னாலேயே போனார். அவள் திரும்பிப் பார்க்காமல் கோப்பையை நிரப்பினாள்.

“நான் இட்டுக்கட்டினதவிட நீங்க சொன்னது நல்லாருந்துச்சு. இப்படி எழுதத் தெரியுமில்ல? அன்னிக்கு என்னய்யா கேடு?”

“ஜனங்க சிரிக்கணும்னுதாம்மா...”

“சிரிச்சாங்களே. எங்க பேரனும்தான் சிரிச்சான். அவன் தாத்தாவப் பத்தி எழுதினதுன்னு அப்புறந்தான் அவனுக்குத் தெரிஞ்சுது.”