கேட்டுட்டுப் போக வந்தவங்க

என் மகள் சிங்காநல்லூர் சிக்னல் பக்கத்தில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து இரண்டரை மாதம் ஆகிறது. பின்னால் வந்த பஸ் அவளுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்து நின்றது என்பதை நாற்பது பேருக்காவது சொல்லியிருப்பேன். சொல்லித்தான் ஆகவேண்டும். உடம்பு சரியில்லாத வீட்டுக்குப் போய்க் கேட்காமல் விட்டால் எங்கள் சொந்தத்தில் அது பத்து வருடப் பேச்சாகிவிடும். அதனால் ஒருவர் விடாமல் வந்தார்கள். ஆரஞ்சு வந்தது, பிரெட் வந்தது, சத்துமாவு டப்பாக்கள் அலமாரி கொள்ளாமல் வந்தன. கூடவே எல்லோரும் ஒரே அறிவுரையைக் கொண்டுவந்தார்கள்.

"பஸ்ஸு நின்னுது பாருங்க, அதுக்கு நன்றி சொல்லோணுமுங்க."

ஆமாங்க, ஆமாங்க என்பேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்த பஸ் மறுபடி வருகிறது என்பதை யாரிடம் சொல்வது? அவர்கள் போன பிறகு கழுவிய டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பேன்.

அலுவலக நண்பர் ஒருவர் நோட்டுப் புத்தகமே வாங்கிக் கொடுத்தார். தினமும் நன்றி சொல்ல வேண்டியவை மூன்றை எழுத வேண்டுமாம். முதல் நாள், 'உயிரோடு இருக்கிறாள்' என்று எழுதினேன். இரண்டாம் நாளும் அதையே எழுதினேன். மூன்றாம் நாள், 'மேற்படி' என்று எழுதி மூடிவைத்தேன்.

போன வாரம் பிசியோதெரபி செய்ய வருகிற பெண், வாக்கர் இல்லாமல் நாலு அடி வைத்துப் பார்க்கலாம் என்றாள். மகள் இரண்டு நாள் முடியாது என்று அழுதாள். மூன்றாம் நாள் காலையில் அவளே சொன்னாள்.

"நாலு மணிக்கு நடக்கறேன். அம்மா ஆபீஸ்ல இருப்பாங்க. நீங்க ரூம் கதவுகிட்ட நில்லுங்கப்பா. நீங்க நின்னாத்தான் நடப்பேன்."

"நிக்கறேன் கண்ணு."

மூன்றரைக்கு வாசல் மணி அடித்தது. கிணத்துக்கடவிலிருந்து மனைவியின் பெரியம்மா மகனும் அவர் மனைவியும், ஒரு குலை இளநீரோடு. மச்சான் முறை. உட்கார வைத்தேன், காப்பி கொடுத்தேன். நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் எழுந்தார்கள்.

"சரிங்க மாப்ள, நாங்க வாரோம்."

சரிங்க என்று சொல்லியிருக்கலாம். என் வாய் சொன்னது, "அதுக்குள்ள என்னங்க அவசரம்? இன்னொரு டம்ளர் காப்பி குடிச்சுட்டுப் போங்க."

இதற்கு வேண்டாங்க என்பார்கள், நான் இன்னும் இரண்டு தடவை வற்புறுத்துவேன், அவர்கள் கிளம்பிவிடுவார்கள். அதுதான் வழக்கம். மச்சான் தன் மனைவியைப் பார்த்தார்.

"மாப்ள இவ்வளவு சொல்றாப்ல," என்று மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அப்பா, மணி நாலு."

"இதா வாரேன் கண்ணு."

பால் காய்வதாக இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். ரெண்டே நிமிஷம் என்றேன். டம்ளரோடு ஹாலுக்கு வந்தால் மச்சான், "அந்த பஸ்ஸு எவ்வளவு தூரத்துலீங்க நின்னுது?" என்கிறார். நின்றபடியே சொன்னேன். முழுசாக, பிரேக் சத்தம் உட்பட.

"ஏனுங்க, புள்ள நடக்குதுங்க!" என்றார் மச்சான் மனைவி.

திரும்பினேன். கட்டிலிலிருந்து தனியாக நடந்து வந்து, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நடந்து முடித்திருந்தாள்.

"ஆறு அடிங்க," என்றார் அந்த அம்மாள். "நான் எண்ணிட்டே இருந்தனுங்க."

"இன்னொரு தடவை நட கண்ணு."

"வலிக்குது." பிறகு சொன்னாள், "நான் நடக்கறப்ப நீங்க பஸ்ஸைப் பத்திப் பேசிட்டு இருந்தீங்கப்பா."

மச்சான் கிளம்பும்போது எல்லாத்துக்கும் நன்றி சொல்லோணும் மாப்ள என்றார். நான் இருங்க என்று சொல்லவில்லை. செருப்பை மெதுவாக மாட்டினார், கேட்டருகே ஒரு தடவை திரும்பியும் பார்த்தார். ஊரில் இந்நேரம் பேச்சாகியிருக்கும்.

மறுநாள் நாலுக்குப் பத்து நிமிடம் முன்பே கதவருகே நின்றுவிட்டேன். கட்டிலைப் பிடித்து எழுந்தாள். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தரையைப் பார்த்தேன். டைல்ஸ் வழுக்குமா, மிதியடி மடங்கியிருக்கிறதா, விழுந்தால் எந்தப் பக்கம் விழுவாள்.

இரண்டாவது அடியில் நின்றாள். "காலைப் பாக்காதீங்க. நான் விழறதையே நெனைக்கறீங்க. எனக்குப் பயமா இருக்குது."

நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். நெற்றித் தையல் காய்ந்து வெளிர்கோடாகியிருந்தது. அது எப்போது காய்ந்தது? இத்தனை நாள் எக்ஸ்ரேயைத்தான் பார்த்திருக்கிறேன். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி வந்தாள்.

"கோவமா இருக்கீங்களா?"

"உன்மேல இல்லை."

கடைசி அடியில் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். நகம் தோளில் பதிந்தது.

"உக்காரலாமா?"

"இருங்கப்பா, மூச்சு வாங்குது."

அந்த மூச்சு சுடச்சுட என் கழுத்தில் பட்டது. அது சீராகும்வரை நின்றோம்.