நாக்கு நீட்டிய ரோல்

அக்கா வீட்டு அலமாரியில் இன்று கிடைத்த கறுப்பு ஃபிலிம் டப்பாவைத் திறந்ததும் எழுந்த புளித்த வாசனையில், சின்ன வயதில் அக்காவோடு தாம்பரத்திலிருந்து கோவளம் போன பஸ்ஸும், மீன் படகுகளும், கேமரா வளையம் டக்டக்கென்று திரும்பிய சத்தமும் வந்துவிட்டன. வெயிலுக்குப் பதினாறு, நிழலுக்கு எட்டு என்று முணுமுணுத்தபடி அன்று முழுக்க லென்ஸில் ஒளி நுழையும் ஓட்டைக்கான எண்களை நான்தான் வைத்தேன்.

அந்த வாரம் ஃபிலிமைக் கழுவ என்று ஸ்டூடியோவுக்குப் போய்வந்த அக்கா, "எல்லாம் வெளுத்துப்போச்சுடி. நீ ஓட்டையைப் பெரிசா வெச்சுட்ட" என்றாள். அன்றிலிருந்து யார் கேமராவை நீட்டினாலும் என் கை பின்னால் போய்விடும்.

டப்பா மூடியில் அக்காவின் எழுத்தில் 'கோவளம்'. படம் எடுத்து முடித்த ரோலில் ஃபிலிமின் நாக்கு போன்ற முனை உள்ளே சுருண்டிருக்கும். இதில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அன்று கேமராவில் அவள் ரோலைப் போடவே இல்லை.

காபியோடு வந்த அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இது இன்னுமா கிடக்கு?"