கெடந்தவளுக்கு நேரே

பேபிக்கு ஐம்பத்து மூன்றாவது வயதில் தேனிலவு வாய்த்தது. ஏற்பாடு செய்தவள் மகள் ஷிபா. குவைத்தில் நர்ஸ். கொச்சியில் ஏறி லட்சத்தீவு வரை போய்த் திரும்பும் உல்லாசக் கப்பலில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஓர் அறை எடுத்திருந்தாள். மூன்று இரவு. படுக்கையில் ரோஜா இதழ் தூவுவார்கள், துண்டை மடித்து அன்னப் பறவை செய்து வைப்பார்கள், இரண்டு பேருக்கு மட்டும் தனி மேஜையில் சாப்பாடு.

"உங்க கல்யாணம் முடிஞ்ச மறுவாரமே அப்பா கடலுக்குப் போயாச்சு. அதுக்கான ஹனிமூன் இது" என்று போனில் சொன்னாள். கூடவே ஓர் உத்தரவும் போட்டாள். கிளம்புவதற்கு முந்தின நாள் இரண்டு பேரும் எந்த வேலைக்கும் போகக் கூடாது. ஒரு நாள் சும்மா இருக்க வேண்டும்.

சும்மா இருப்பது எப்படி என்று பேபிக்குத் தெரியாது. மண்டைக்காட்டுக்கு அடுத்துள்ள கடற்கரை ஊரில் பிறந்தவள். அதே ஊரில் ததேயுஸுக்கு வாக்கப்பட்டவள். கல்யாணமான மறுவருஷமே மீன் விற்க இறங்கினாள். முதலில் தலையில் ஓலைக் கடவப் பெட்டியோடு பஸ், இறங்கிய பிறகு நடை. இப்போது ஸ்கூட்டர், பின்னால் ஐஸ் பெட்டி. கடற்கரை ஏலத்தில் மீன் எடுத்து, நாகர்கோவிலைத் தாண்டி, பூதப்பாண்டித் தெருக்களில் கொண்டுபோய் விற்பாள். எந்த வீட்டில் சாளைக்கு முகம் சுளிப்பார்கள், எந்த வீட்டில் நெத்திலிக்குக் காத்திருப்பார்கள், யார் வீட்டில் வெள்ளிக்கிழமை அடுப்பில் மீன் ஏறாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அந்த விடுமுறை நாளன்றும் கால்கள் அவளை ஏலம் நடக்கும் மணலுக்கே கொண்டுபோயின. கூட மீன் எடுக்கிற பெண்கள் விடவில்லை.

"ஏட்டி புதுப்பெண்ணே, இஞ்ச என்ன சோலி?"

"மூஞ்சில மஞ்சள் தேச்சியா? நாளைக்கு அன்னப் பறவ பாக்கும்லா?"

"வாய மூடுங்கட்டி" என்று சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டாள். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு போய்விட்டது. அவளுக்கு ஒரு காரியம் பாக்கி இருந்தது. அதைத் தீர்க்காமல் அந்தக் கப்பல் அறைக்குள் ததேயுஸோடு மூன்று நாள் அடைந்து கிடக்க அவளால் முடியாது.

ஷிபா கைக்குழந்தையாக இருந்தபோது கேட்ட பேச்சு அது. வள்ளம் கரைக்கு வந்திருந்தது. நல்ல மீன்பாடு. வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டே ததேயுஸின் கூட்டாளி ஒருவன் இன்னொருவனிடம் தணிந்த குரலில் சொன்னான்: "நேத்து முழுக்க கெடந்தவளுக்க முட்டுக்கு நேரே கெடந்தோம்." பேபி பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை மாற்றினார்கள். அன்றைக்கே ததேயுஸிடம் கேட்டாள். "ஒண்ணும் இல்ல" என்றார். அதற்குப் பிறகும் அந்தப் பெயர் அங்கும் இங்கும் காதில் விழுந்தது. அவள் வந்தால் நின்றது.

படுத்துக் கிடக்கிற ஒருத்தி, அவளுடைய முழங்கால். தொழில் சம்பந்தமான வார்த்தையாக இருக்கும் என்று பகலில் தோன்றும். அவர் கடலில் இருக்கிற இரவுகளில் அப்படித் தோன்றாது. கடலுக்குப் போகிறவன் எல்லா நாளும் கடலில்தான் இருக்கிறான் என்பதற்குக் கரையில் இருக்கிறவளிடம் என்ன சாட்சி?

ததேயுஸ் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மருமகன் வாங்கிக் கொடுத்த ஷூவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாயா ஆறிக்கொண்டிருந்தது.

"ஷிபாக்க அப்பா, கப்பல்ல ஏறதுக்கு முன்ன எனக்கு ஒரு காரியம் அறியணும்."

"கேளு."

"கெடந்தவ யாரு?"

ததேயுஸ் ஷூ லேசிலிருந்து கையை எடுத்தார்.

"அத நீ எங்க கேட்ட?"

"எங்க கேட்டா என்ன? ஷிபா தவழுறதுக்கு முன்ன கேட்டேன். ஒண்ணும் இல்லன்னு சொன்னிய."

"இத்தன வருசமா அத மனசுல வச்சிட்டா இருந்த? பொம்பளன்னா நெனச்ச?"

"பின்ன? கெடந்தவளுக்க முட்டுக்கு நேரே கெடந்தோம்னு ஆம்பளையாளுவ சொன்னா, நான் என்ன குருசடிக் கோவில்னா நெனப்பேன்?"

ததேயுஸுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றுவிட்டது. மெதுவாகச் சொன்னார்: "அது கணியம், பேபி."

கணியம் என்ற சொல் அவளுக்கும் தெரியும். கடலுக்கு நடுவே அடையாளம் நட்டுவைக்க முடியாது. அதனால் கரையில் தெரியும் கோவில் கோபுரத்தையும் அதற்குப் பின்னாலுள்ள மலை உச்சியையும் நேர்க்கோட்டில் வரும்படி வைத்துப் பார்ப்பார்கள். வேறொரு பக்கம் இன்னும் இரண்டு அடையாளம். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் மீன் கூடும் கடலடிப் பாறை இருக்கும். அதுதான் கணியம். ஒவ்வொரு வள்ளத்துக்கும் தனிக் கணியங்கள் உண்டு. அடுத்த வள்ளத்துக்காரன் அறியக் கூடாது என்று மலைகளுக்குத் தாங்களாகவே பெயர் வைத்துக்கொள்வார்கள். இப்போது எல்லா வள்ளத்திலும் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. அதில் கணியத்தின் பெயரைத்தான் தட்டி வைக்கிறார்கள். அந்தப் பெயர்களை முக்கியமாக மனைவியிடம் சொல்லக் கூடாது. ஊரின் அத்தனை வள்ளத்துப் பெண்களும் தினமும் ஒரே ஏலத்தில் கூடுகிறார்கள், பேசுகிறார்கள். ஆண்கள் அதை யோசித்துத்தான் வாயைக் கட்டிக்கொண்டார்கள். அதற்கு இப்படி ஓர் அர்த்தம் வீட்டில் உண்டாகும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

"மலையா?" என்றாள் பேபி.

"மல தான்."

"எந்த மல?"

"நாங்க அப்பிடித்தான் விளிப்போம். கரையில அதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியாது. கடல்லருந்து பாத்தாத்தான் அவ அவளா தெரிவா."

"அப்ப காட்டுங்க."

"வள்ளத்துல பொம்பள ஏறப்பிடாதுல்லா."

"நாளைக்குக் கப்பல்ல ஏறப்போறேனே?"

"அது வேற. அதுல வல இல்ல."

சொல்லி முடித்ததும் அவர் கண்ணில் ஏதோ ஓடியது. போனை எடுத்து அக்காள் மகன் ரெனிஷைக் கூப்பிட்டார்.

ரெனிஷ் புது பைபர் வள்ளம் இறக்கியிருந்தான். எஞ்சின் ஓட்டம் பார்ப்பதற்காக அன்று காலை வெளியே எடுக்கப்போகிறான். வலை இன்னும் ஏற்றவில்லை. துறைமுகத்துக்கு இரண்டு பேரும் வந்து நின்றபோது மாமியை மேலும் கீழும் பார்த்தான்.

"மாமா, ஆளுவ கேட்டா என்ன சொல்ல?"

"வல ஏறாத வள்ளம் வள்ளமாலே? வெறும் பலகை. பலகையில பொம்பள இருந்தா யாருக்கு என்ன?"

"கோளாறான மனுசன்தான் மாமி உமக்கு வாய்ச்சது" என்றபடி ரெனிஷ் கையை நீட்டினான். பேபி அதைப் பிடிக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே இறங்கினாள். வள்ளம் அவள் எடைக்கு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. உயிருள்ள ஒன்றின் முதுகில் கால் வைத்தது போல இருந்தது.

எஞ்சின் உறுமியது. அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டியதும் வள்ளம் மூக்கைத் தூக்கி அடித்தது. பேபி கண்ணை மூடிக்கொண்டு செபம் சொன்னாள். திறந்தபோது ததேயுஸ் கால்களை அகட்டி, எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தார். தரையில் முட்டிவலி என்று முனகிக்கொண்டே நடக்கிற மனிதர். இங்கே வள்ளம் எந்தப் பக்கம் துள்ளினாலும் அவர் இடுப்பு அதற்கு முன்பே அந்தப் பக்கம் போய் நின்றது. இந்த மனிதனை இதுவரை பார்த்ததே இல்லை என்று பேபிக்குத் தோன்றியது.

"பின்னால பாக்காத. நான் சொல்லும்போது பாத்தாப் போதும்" என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் ரெனிஷ் எஞ்சினை அமர்த்தினான். ஓசை நின்றதும் கடல் எவ்வளவு பெரியது என்பது சட்டென்று தெரிந்தது. தை மாதக் காலை. கரையிலிருந்து வீசிய குளிர்ந்த காற்று மூட்டத்தையெல்லாம் துடைத்திருந்தது.

"இப்ப திரும்பு."

பேபி திரும்பினாள்.

அவளுடைய ஊர் ஒரு கோடாகிவிட்டிருந்தது. மணல் ஒரு கோடு, தென்னை ஒரு கோடு. கோவில் கோபுரம் மட்டும் உச்சிக் குருசோடு ஊசி போல் நின்றது. அவ்வளவுதான் ஊர். சண்டையும் ஏலமும் கல்யாணமும் அழுகையும் எல்லாம் அந்தக் கோட்டுக்குள்ளே. அதற்கு மேலே மேகம் என்று அவள் நினைத்தது மேகம் இல்லை. மலை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி, நீலமாக மலைகள் எழுந்து நின்றன. ஊரில் நிற்கும்போது தென்னைக்கும் வீடுகளுக்கும் இடையே துண்டு துண்டாகத்தான் மலையைப் பார்த்திருக்கிறாள். இவ்வளவு பெரிய ஒன்று தன் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது அவளுக்குத் தெரியாது.  மரப்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"குருசுக்கு மேல பாரு" என்றார் ததேயுஸ்.

பார்த்தாள். நெற்றி. மூக்கு. நாடியும் தாடையும். அப்புறம் எழுந்து தாழும் மார்பு. வயிறு. மடக்கி நிறுத்திய முழங்கால். வானத்தைப் பார்த்தபடி ஒருத்தி மல்லாந்து கிடந்தாள். பேபி தலையைச் சாய்த்துப் பார்த்தாள், நிமிர்த்திப் பார்த்தாள். கிடந்தவள் அசையவில்லை.

"என் அம்மோ" என்றாள் மூச்சுக்குள்.

"இவ தான். கோவிலுக்க குருச அவளுக்க முட்டுல கொண்டு நிறுத்தினா ஒரு பாறை. நாடியில நிறுத்தினா வேற ஒண்ணு. இவ இல்லேன்னா நாங்க இல்ல."

பேபி அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் சரிவில் இருந்த ஒரு வெட்டு அவளுக்கு எங்கேயோ பழக்கமானதாக இருந்தது.

"ஷிபாக்க அப்பா, இது தாடகை மலைல்லா?"

"எது?"

"பூதப்பாண்டி மல. தாடகை படுத்துக் கெடக்கான்னு அங்க எல்லாரும் சொல்லுவாவ. கீழ நின்னு பாத்தா எனக்கு ஒண்ணும் தெரியாது, பாறையும் காடுந்தான். அவளுக்க முட்டுக்கு அடியிலதான் நான் மீன் விக்கேன்."

 பேபி பூதப்பாண்டிக்குப் போகிறாள் என்று ததேயுஸுக்குத் தெரியும். மீனை ஏலத்தில் கொடுத்துவிட்டு அவர் தூங்கப் போய்விடுவார், அல்லது கடலில் இருப்பார். ஒரு தடவை கூட அவள் விற்கிற இடத்துக்குப் போனதில்லை. அந்த மலை அங்கேதான் நிற்கிறது என்று கடலில் யாரும் சொன்னதில்லை.

மலையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடியும் மலையைப் பார்த்தார்.

"அப்போ நான் தெனமும் உன்னத்தான் பாத்துட்டுக் கெடந்தேனா?" என்றார். யாரிடமோ சந்தேகம் கேட்பது போல இருந்தது.

ரெனிஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு எஞ்சின் கயிற்றை இழுத்தான். "மாமா, இதெல்லாம் நாளைக்குக் கப்பல்ல பேசணும். எனக்க வள்ளத்துல பேசினா மண்ணெண்ண தீரும்."

கரை இறங்கி வீட்டு வாசலுக்கு வந்ததும் ததேயுஸ் உள்ளே போகவில்லை. "வண்டிய எடு" என்றார். "எங்க?" என்று பேபி கேட்கவில்லை. மீன் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். அவர் பின்னால் ஏறிக்கொண்டார்.

பூதப்பாண்டியில் அவள் வழக்கமாக நிறுத்துகிற தெருமுனையில் தாணம்மாள் நின்றிருந்தாள். பேபியிடம் மீன் வாங்க ஆரம்பித்தபோது அவளும் புதுப்பெண். இப்போது இரண்டு பேருக்கும் ஒரே அளவு நரை.

"ஏட்டி பேபி, இன்னைக்கு வரமாட்டேன்னுல்லா சொன்ன? பெட்டி எங்க? இது ஆரு?"

"எனக்க வீட்டுக்காரரு."

"ஓ, உனக்கு நெசமாவே வீட்டுக்காரரு உண்டா? நாங்க நீ சும்மா சொல்லுகன்னு நெனச்சோம்."

ததேயுஸ் அதற்குச் சிரிக்கக் கூட இல்லை. தெரு முடிந்து வயல் தொடங்குகிற இடம் வரை நடந்தார். வயலுக்கு அப்பால் மலை செங்குத்தாக எழுந்து நின்றது. அண்ணாந்து பார்த்தார். நெற்றி இல்லை. தாடை இல்லை. கருத்த பாறையும் இடுக்குகளில் மரமும், மேலே வட்டமிடும் ஒரு பருந்தும். தன் வாழ்நாள் முழுதும் ஒரு விரல் உயரத்துக்குப் பார்த்த முழங்காலுக்கு இவ்வளவு உயரமா? அவர் கழுத்து வலிக்கும் வரை பார்த்தார். பிறகு திரும்பி, வந்த திசையைத் தேடினார். வயல், வாழை, வீட்டு மாடிகள், செல்போன் கோபுரம்.

"இஞ்சருந்து கடல் தெரியாதா?"

"தெரியாது."

"கொஞ்சம் கூடவா?"

"எங்க நின்னாலும் தெரியாது. நான் பாக்காத இடமா? காத்தும் மழையுமா கெடக்க நாள்ல, மீன் வித்துட்டு இந்த வரப்புல ஏறி நின்னு பாப்பேன். ஒண்ணும் தெரியாது."

ததேயுஸ் வரப்பைப் பார்த்தார். கடலில் இருக்கும்போது அவருக்கு ஒரு மலை இருந்தது. வானம் தெளிந்தால் போதும், எங்கே இருக்கிறோம் என்று அது சொல்லிவிடும். இங்கே நின்றவளுக்கு அப்படி எதுவும் இல்லை. இருந்த ஒரே பெயரையும் அவர் சொல்லாமல் வைத்திருந்தார்.

தாணம்மாள் வீட்டில் மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். மலை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிப்போனது. பேபி ஓட்டினாள். அவர் அவள் தோளுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து பேச ஆரம்பித்தார்.

"கேட்டியா பேபி? குருசு முட்டுக்கு நேரே. மேற்கால பாத்தா, ரெண்டு பனைக்கும் நடுவுல ஒரு வெள்ளக் கட்டடம். அந்தப் பாறைக்குப் பேரு சின்னப்பாரு. அங்க நெய்மீன் கெடைக்கும்."

ஹெல்மெட்டுக்குள் பேபிக்குச் சரியாகக் கேட்கவில்லை. "உரக்கச் சொல்லுங்க."

அவர் உரக்கச் சொன்னார். அப்பாவிடமிருந்து வாங்கியது, தானே கண்டுபிடித்தது, கூட்டாளிகளுக்குக் கூட முழுசாகச் சொல்லாதது என்று எல்லாக் கணியத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றுக்கு மேலே கத்திச் சொன்னார். நாகர்கோவில் வடசேரியில் சிக்னல் விழுந்தது. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் திரும்பின.

"மெல்ல. பஸ்ல நம்ம கடற்கரை ஆளு யாராவது இருக்கும்."

"இருக்கட்டு" என்றார் ததேயுஸ்.

பச்சை விழுந்தது. பேபி நேராகப் போகாமல், சுற்றிப் போகிற சாலையில் வண்டியைத் திருப்பினாள்.

"நாடிக்கு நேரே உள்ளத இன்னும் சொல்லலியே" என்றாள்.